எந்த இயங்கலைப் படிப்பு எந்த விண்ணப்பத்துக்கு உதவும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறையிலிருந்து அக்காவும் அக்கா மகளும் பினாங்கு குளுகோரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெண் இப்போது படிவம் 5, அதாவது எஸ்.பி.எம். தேர்வு எழுதும் வகுப்பு. கணினி அறிவியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சாப்பிட்டு முடித்ததும் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். பதினான்கு இயங்கலைப் படிப்புகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விலை எவ்வளவு, எத்தனை வாரம், சான்றிதழ் உண்டா இல்லையா என்று அழகாகக் குறித்து வைத்திருந்தாள்.

"இதில எதை எதை எடுத்தா யூனிவர்சிட்டி கிடைக்கும் சித்தி?"

அக்கா பக்கத்திலிருந்து, "மூவாயிரம் வெள்ளி வரைக்கும் பார்த்துக்கலாம், நீ சொல்லும்மா" என்றார்.

என் மூத்த மகனுக்காக நாங்களும் ஒரு காலத்தில் இதே பட்டியலைப் போட்டோம். தவறான இடத்தில் காசைக் கட்டினோம், பிறகு தற்செயலாகச் சரியான ஒன்றைக் கண்டுபிடித்தோம். அதனால் அக்காவிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டு, அந்தப் பதினான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பட்டியலை விலைப்படி அடுக்காமல், பிள்ளை எங்கே விண்ணப்பிக்கப் போகிறது என்பதை வைத்து அடுக்கியபோதுதான் எனக்கே தெளிவு வந்தது.

எங்கே விண்ணப்பிக்கப் போகிறோம்?

நம் வீடுகளில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் இலக்கு அரசாங்கப் பல்கலைக்கழகம்தான். ஆறாம் படிவத்தின் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து யூ.பி.யூ. என்ற அரசாங்கச் சேர்க்கை முறை வழியாக விண்ணப்பிக்கும்போது மெரிட் புள்ளி 100-க்குக் கணக்கிடப்படுகிறது. அதில் 90 தேர்வு முடிவுக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தப் பத்தும் சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு, அங்கே வகித்த பதவி, கலந்துகொண்ட போட்டிகள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வருவது. இயங்கலையில் எடுத்த சான்றிதழுக்கென்று அந்தக் கணக்கில் தனியாக ஓர் இடம் கிடையாது. ஹார்வர்ட் பெயர் போட்டிருந்தாலும் அதே கதைதான்.

இதைச் சொன்னபோது அக்காவின் முகம் வாடிவிட்டது. ஆனால் இது நல்ல செய்தி என்றுதான் நான் நினைக்கிறேன். யூ.எஸ்.எம்., யூ.எம். போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் மட்டும்தான் இலக்கு என்றால் சான்றிதழுக்காக ஒரு வெள்ளிகூடச் செலவு செய்ய வேண்டியதில்லை. கூடுதல் கணிதத்தில் பி-யை ஏ ஆக்குவதற்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். பள்ளியில் ஒரு கழகத்துக்குச் செயலாளராக இருக்க வாய்ப்பு வந்தால் பிள்ளையைப் போகச் சொல்லுங்கள். சில துறைகளுக்கு நேர்முகத் தேர்வு உண்டு, அங்கே மட்டும் பிள்ளை தானாகப் படித்த விஷயம் பேச்சில் வந்து கைகொடுக்கலாம்.

இந்த இடத்தில் மனதில் இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், சான்றிதழ்ப் படிப்புக்கு நேரம் வேண்டும் என்று எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியத்தை விடச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பையன் விரும்பிப் படித்துக்கொண்டிருந்த பாடம் அது. எஸ்.பி.எம். முடிவுச் சீட்டில் அச்சாகி வரும் பாடத்தை விட்டுவிட்டு, எந்த விண்ணப்பத்தில் எங்கே எழுதுவது என்றே தெரியாத ஒரு தாளைத் தேடிப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தனியார்ப் பல்கலைக்கழகங்களிலும், செமினியிலுள்ள நாட்டிங்ஹாம், பண்டார் சன்வேயிலுள்ள மோனாஷ் போன்ற வெளிநாட்டுக் கிளைகளிலும் பெரும்பாலும் மதிப்பெண்ணும் ஆங்கிலத் தகுதியும்தான் கேட்கிறார்கள். அங்கே இடம் கிடைப்பதைவிடக் கட்டணம்தான் நமக்குப் பெரிய மலை. ஆகவே உபகாரச் சம்பளத்துக்கு எழுத வேண்டிவரும். உபகாரச் சம்பளக் கட்டுரையிலும் நேர்முகத்திலும் "பள்ளிக்கு வெளியே நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வி வந்தே தீரும். இயங்கலைப் படிப்பு நம் ஊர்ப் பிள்ளைக்கு உண்மையாகவே பயன்படும் முதல் இடம் அதுதான்.

அடுத்தது பிரிட்டன். ஐந்து விருப்பத் தேர்வுகளுக்கும் சேர்த்து யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக ஒரே தன்விளக்கக் கட்டுரை, மொத்தம் 4,000 எழுத்துகள். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: இந்தத் துறையை ஏன் படிக்க விரும்புகிறாய், உன் பள்ளிப் படிப்பு எப்படி உன்னைத் தயார்படுத்தியது, பள்ளிப் படிப்புக்கு வெளியே வேறு என்ன செய்தாய். பார்த்தீர்களா, மூன்றாவது கேள்வி முழுக்க இதற்காகவே இருப்பது போல இருக்கிறது. ஆனால் அங்கே எதிர்பார்ப்பது துறையோடு ஒட்டிய வேலையை. சட்டம் படிக்கப் போகிற பிள்ளை நான்கு கணினிச் சான்றிதழைப் பட்டியல் போட்டால் எடுபடாது. மருத்துவத்துக்கும் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜுக்கும் அக்டோபர் 15-க்குள் அனுப்ப வேண்டும் என்பதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி வரை நேரம் இருக்கிறது என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

அமெரிக்காவில் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம். அதில் பத்து நடவடிக்கைகள் வரை எழுதலாம், ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்துகள் மட்டும். "ஓர் இயங்கலைப் படிப்பு முடித்தேன்" என்று எழுதினால் 150 எழுத்து நிறையாது. "படித்ததை வைத்து இதைச் செய்தேன், இத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்" என்றால் இடம் போதாது. அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்த்தாலே எந்தப் படிப்பு தேறும், எது தேறாது என்று பிள்ளைக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

நாங்கள் ஏமாந்த இடம்

பட்டியலில் விலை அதிகமாக இருந்தவை எல்லாம் நேரலை வகுப்புகள். இரண்டு வாரம், மூன்று வாரம், ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர், ஸூமில் பாடம், கடைசியில் சான்றிதழ். என் மகனுக்கு நாங்கள் எடுத்ததும் இந்த வகைதான். பேரங்காடியில் நடந்த ஒரு கல்விக் கண்காட்சியில் ஒரு முகவர், "இது இருந்தால் விண்ணப்பம் தனியாகத் தெரியும்" என்றார். 3,800 வெள்ளி கட்டினோம். நேர வித்தியாசத்தால் வகுப்பு இரவு பதினொரு மணிக்குத்தான் தொடங்கும். எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள். மகன் மொத்தமாக இரண்டு முறைதான் பேசினான். பங்கேற்றதற்கான சான்றிதழ் வந்தது, பிளாஸ்டிக் கோப்பில் போட்டு வைத்தோம்.

அப்புறம் ஓர் அறவாரியத்தின் உபகாரச் சம்பள நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "அந்த வகுப்பில் நீ என்ன செய்தாய்?" என்று. மகனால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்ல முடியவில்லை. நல்ல வேளை, பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அவன் இலவசமாகப் பைத்தன் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தான். யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள், எத்தனை பெட்டி பானம் வாங்கினோம், எந்த நேரத்தில் கூட்டம் கூடி எத்தனை பெட்டி தீர்ந்தது என்பதையெல்லாம் அதில் பதிந்து வைத்திருந்தான். அவன் அப்பா வருடா வருடம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கூட்டலில் தடுமாறும் கணக்கு அது. நேர்முகம் செய்தவர்கள் அதைப் பற்றி மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் கேட்டார்களாம். எங்கே தப்பு வந்தது, எப்படிச் சரி செய்தாய், அடுத்த வருடம் எதை மாற்றுவாய் என்று.

நேரலை வகுப்பு எல்லாமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. தேர்வு வைத்து, கேள்வித்தாள் கொடுத்து, தகுதி பார்த்துத்தான் எடுப்போம் என்கிற திட்டங்களும் இருக்கின்றன. அவற்றில் இடம் கிடைப்பதே ஒரு பெருமைதான். காசு கட்டினால் யாருக்கும் இடம் உண்டு என்பவைதான் என் பயம். இப்படி வகுப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களே தங்கள் கேள்வி-பதில் பக்கங்களில், இதில் சேர்வது பிற்காலச் சேர்க்கைக்கு உத்தரவாதம் ஆகாது என்று எழுதி வைத்திருக்கின்றன. முகவர் அந்தப் பக்கத்தை நமக்குக் காட்டுவதில்லை.

சில ஆயிரம் அமெரிக்க டாலர் வாங்கிக்கொண்டு "ஆய்வுக் கட்டுரை எழுத வைக்கிறோம், இதழில் போட வைக்கிறோம்" என்பவை வேறு இருக்கின்றன. அக்காவின் பட்டியலில் அப்படி இரண்டு. இரண்டையும் முதல் நாளே அடித்துவிட்டேன்.

சான்றிதழ் தரும் தளங்களும் தராத தளங்களும்

கோர்செரா, இடெக்ஸ், ஃபியூச்சர்லேர்ன் மூன்றும்தான் பட்டியலில் அதிகம். முதல் இரண்டும் 2012-இல் தொடங்கியவை. கோர்செராவை ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் இருவர் ஆரம்பித்தார்கள், இடெக்ஸை ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து தொடங்கின. ஃபியூச்சர்லேர்ன் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாக்கியது.

கோர்செராவில் பல தொடர்கள் மாதச் சந்தாவில் ஓடுகின்றன. பிள்ளை வேகமாக முடித்தால் மலிவு, இழுத்தால் செலவு. பள்ளி, டியூஷன் என்று ஓடும் படிவம் 5 பிள்ளை இழுக்கத்தான் செய்யும். நிதி உதவிக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது, அதற்குச் சில நாள் காத்திருக்க வேண்டும். என் குறை வேறு. நிறையப் பாடங்களில் நான்கு விடையில் ஒன்றைத் தட்டும் கேள்விகள்தான். தப்பானால் மறுபடி தட்டலாம். அப்படித் தட்டித் தட்டி வாங்கிய சான்றிதழைப் பற்றி நேர்முகத்தில் பேச ஒன்றும் இருக்காது. இதே தளத்தில் அருமையான பாடங்களும் இருக்கின்றன. உளவியல் படிக்க நினைக்கும் பிள்ளை, பால் புளூம் நடத்தும் யேல் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிமுகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். சில வாரத்திலேயே இந்தத் துறை தனக்கு ஒத்து வருமா என்று தெரிந்துவிடும். தெரிந்துகொள்வதற்குத்தான் அது, சான்றிதழுக்கு அல்ல. இடெக்ஸில் மைக்கேல் சாண்டல் நடத்தும் நீதி பற்றிய ஹார்வர்ட் பாடமும் அப்படித்தான். சட்டம் படிக்க விரும்புகிற பிள்ளை அதைக் கேட்டுவிட்டு அப்பாவோடு இரவுச் சாப்பாட்டில் வாதாடினாலே போதும்.

ஃபியூச்சர்லேர்ன் பாடங்கள் சின்னவை, படிக்கச் சுலபம், பிரிட்டன் பல்கலைக்கழகங்களுடையவை நிறைய. இலவசமாகச் சேர்ந்தால் குறிப்பிட்ட சில வாரங்களோடு அனுமதி முடிந்துவிடும். பிரிட்டனுக்கு எழுதுகிற பிள்ளைக்கு ஒன்று போதும். அதில் வந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மேலே என்ன படித்தாள் என்பதுதான் கட்டுரைக்கு வேண்டும்.

சான்றிதழே தராத தளங்களை நம் பெற்றோர் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. எனக்கு அதில்தான் வருத்தம். எம்.ஐ.டி. தன் பாடங்களை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப் போவதாக 2001-லேயே அறிவித்தது. பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. பல பாடங்களுக்கு வினாத்தாளும் விடையும் அங்கேயே இருக்கின்றன. கணிதத்தில் ஆசையுள்ள ஆறாம் படிவப் பிள்ளை, கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணித விரிவுரைகளில் ஒன்றைக் கேட்டுப் பார்க்கட்டும். கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு அவர் சொல்லித் தரும் நிதானம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. பொறியியலுக்குப் போகிறவர்களுக்கு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்தும் ஐசக் தளம் இருக்கிறது. இயற்பியல் கணக்குகள் படிப்படியாகக் கடினமாகிக்கொண்டே போகும், எல்லாம் இலவசம். பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு கான் அகாடமி. அமெரிக்கச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு எழுதுவோருக்கும் அங்கேயே இலவசப் பயிற்சி இருக்கிறது, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுடன் சேர்ந்து தயாரித்தது.

நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களும் 2014-லிருந்து ஓப்பன்லேர்னிங் தளத்தில் இலவசப் பாடங்கள் போடுகின்றன. நிறையப் பாடங்கள் மலாயில். சேரப் போகும் துறையின் முதலாண்டுப் பாடம் எப்படி இருக்கும் என்று எட்டிப் பார்க்க அது நல்ல வழி.

சி.எஸ்.50 பற்றிக் கொஞ்சம் விரிவாக

பதினான்கில் நான் பிடித்து நிறுத்தியது இதைத்தான். ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுகப் பாடம், நடத்துபவர் டேவிட் மேலன். இடெக்ஸ் வழியாகக் காசு கட்டிச் சரிபார்க்கப்பட்ட சான்றிதழ் வாங்கலாம். ஆனால் எல்லாப் பயிற்சிகளையும் இறுதித் திட்டத்தையும் முடித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 70 விழுக்காடு எடுத்தால் அந்தப் பாடத்தின் சொந்தத் தளத்திலேயே இலவசச் சான்றிதழ் கிடைக்கிறது. பல பெற்றோருக்கு இது தெரியாமல் காசைக் கட்டிவிடுகிறார்கள்.

அக்கா மகளை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து முதல் பயிற்சிகளில் ஒன்றைச் செய்யச் சொன்னேன். திரையில் # குறிகளால் ஒரு படிக்கட்டு வரைய வேண்டும். முதல் வரியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, வலப்பக்கம் ஒட்டினாற்போல. அவள் எழுதியது இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது. இடைவெளிகளை முன்னால் அச்சிட வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. தேநீர் ஆறிப்போனது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் படிக்கட்டு சரியாக நின்றபோது, "ஸ்பேஸும் ஓர் எழுத்துதான் சித்தி, அதை மறந்துட்டேன்" என்றாள். நான்கு விடையில் ஒன்றைத் தட்டியிருந்தால் இந்த வாக்கியம் அவள் வாயில் வந்திருக்காது.

பாடத்தின் ஐந்தாம் வாரத்தில் 1,43,091 சொற்கள் உள்ள அகராதியை நினைவகத்தில் ஏற்றி எழுத்துப்பிழை பார்க்கும் நிரல் எழுத வேண்டும். பல பேர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரம் தாராளமாகப் போகும், படிவம் 5-இல் அது முடியாத காரியம். சாட்ஜிபிடியிடம் விடை வாங்கக் கூடாது என்பதும் விதி. அதற்குப் பதிலாக விடையைச் சொல்லாமல் வழி மட்டும் காட்டும் வாத்து வடிவ உதவியாளர் ஒன்றை அவர்களே வைத்திருக்கிறார்கள். பிள்ளையிடம் இந்த விதியை முதலிலேயே பேசிவிடுங்கள்.

இதற்குத் தம்பி மாதிரி பைத்தனுக்கு மட்டும் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. அதற்கும் இதே இலவசச் சான்றிதழ், பாரம் குறைவு. என் மகன் படித்தது அதுதான். இரண்டிலும் கடைசியில் சொந்தமாக ஒரு திட்டம் செய்து, மூன்று நிமிடத்துக்குள் ஒரு காணொளியில் விளக்க வேண்டும். நேர்முகத்துக்கு இதைவிட நல்ல ஒத்திகை எனக்குத் தெரியாது.

அக்கா மகளுக்குச் சொன்னது

எஸ்.பி.எம். முடியும்வரை ஒன்றும் வேண்டாம் என்றேன். தேர்வு முடிந்து முடிவு வருவதற்குச் சில மாதங்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் பகுதிநேர வேலைக்குப் போகிற காலம் அது. வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போனாலும் மீதி நாளில் பைத்தன் பாடம் முடிந்துவிடும். பிறகு ஆறாம் படிவத்தின் முதல் நீண்ட விடுமுறையில் சி.எஸ்.50. ஆண்டுக் கடைசியில் பாடத்தின் அந்த ஆண்டுப் பதிப்பு மூடினாலும், செய்த பயிற்சிகள் பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கும் சேர்கின்றன, அதனால் அவசரம் இல்லை.

இறுதித் திட்டத்துக்கு என்ன செய்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். அளவு, துணியின் நிறம், எந்தத் தேதிக்கு வேண்டும், முன்பணம் எவ்வளவு எல்லாம் அந்த நோட்டில்தான். போன தீபாவளிக்கு முன்பு ஒரு பக்கம் கிழிந்து இரண்டு பேரின் அளவு காணாமல் போனது. "இதுக்கு ஒண்ணு செய்ய முடியுமா?" என்று கேட்டார். மகள் அந்த நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

மூவாயிரம் வெள்ளிக்கு வருவோம். அவர்கள் வீட்டு மடிக்கணினி ஏழு வருடப் பழசு. பாதியை அதற்கு ஒதுக்கச் சொன்னேன். வீட்டில் தம்பி, தங்கை சத்தம் என்றால் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் பினாங்கு மின்னியல் நூலகம் இருக்கிறது. இணையம் உண்டு, அமைதியாக உட்காரலாம். மீதியை மூயெட் ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்துக்கும் விண்ணப்பச் செலவுக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கடன் அட்டை எண்ணைக் கொடுப்பதற்கு முன் தளத்தின் வயது நிபந்தனையைப் படிக்கவும், சந்தா தானாகப் புதுப்பிக்குமா என்று பார்க்கவும் அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

சரிபார்க்கப்பட்ட சான்றிதழுக்குக் காசு கட்டுவதா வேண்டாமா என்பதை ரவிக்கை நோட்டு கணினிக்குள் போன பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.